டோர்டோன் ஆற்றங்கரையில் லா ரோக் கஜாக்: போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

பிரான்சின் தென்மேற்கில், பெரிகோர் பகுதியில், டோர்டோன் ஆற்றுக்கும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைக்கும் நடுவே கிடைத்த கொஞ்ச இடத்தில் நெருக்கியடித்து நிற்கும் சின்ன ஊர் லா ரோக் கஜாக். நிரந்தரமாக அங்கே வசிப்பவர்கள் சில நூறு பேர்தான். பிரான்சின் மிக அழகான கிராமங்கள் என்று ஒரு சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் இந்த ஊருக்கும் இடம் உண்டு. பாரிஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஈஃபில் கோபுரமும் லூவரும் பார்த்து முடித்த பிறகு, "கொஞ்சம் அமைதியா ஒரு ஊர் சொல்லுங்க" என்று கேட்பார்கள். நான் முதலில் சொல்வது இதைத்தான். அதன் பிறகு அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஊருக்குள் பார்க்க என்னதான் இருக்கிறது? அரை நாள் போதாதா?

ஊரை மட்டும் நடந்து பார்க்க ஒன்றரை மணி நேரம் தாராளம். சுற்றுலாப் பேருந்தில் வந்து இறங்கி, ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள் அதைவிடக் குறைவான நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இந்த ஊரைத் தண்ணீரிலிருந்து பார்க்க வேண்டும். காலை வெயில் பாறையில் விழும்போது ஒரு முறை, சாயங்காலம் கல் முழுக்கத் தேன் நிறமாகும்போது ஒரு முறை. அதோடு, இங்கிருந்து பத்து கிலோமீட்டருக்குள் ஆற்றின் இரு கரையிலும் நான்கைந்து பெரிய இடங்கள் இருக்கின்றன. குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள் என்பதுதான் என் யோசனை. பகலில் கூட்டம் வந்து போகும். காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் ஊர் அங்கே தங்கியிருப்பவர்களுக்குத்தான்.

சரி, ஊருக்குள் எங்கெங்கே நடக்கலாம்?

ஆற்றை ஒட்டிய சாலையிலிருந்து மேலே ஏறும் கல் பாதை எதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். சந்துகள் மிகக் குறுகல், கார் வர வழியே இல்லை. வீடுகள் எல்லாம் அதே பாறையிலிருந்து வெட்டிய மஞ்சள் கல்லில் கட்டியவை. சில வீடுகளுக்குப் பின்சுவர் என்று தனியாக ஒன்று கிடையாது, மலைதான் பின்சுவர்.

மேல் சந்தில் உங்களை நிறுத்தி வைக்கப் போவது அங்கே இருக்கும் செடிகள்தான். வாழை, பேரீச்சை வகை மரங்கள், மூங்கில், கற்றாழை, மாதுளை, அத்தி என்று நம் ஊர்க் கொல்லையில் பார்ப்பவை அங்கே பாறையடியில் வளர்ந்து நிற்கின்றன. குளிர்காலத்தில் உறைபனி விழும் நாட்டில் வாழை எப்படி என்றால், காரணம் இடத்தின் அமைப்பு. பாறை தெற்கு நோக்கி நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மறித்துவிடுகிறது. பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவில் மெல்ல விடுகிறது. சாயங்காலம் அந்தப் பாறையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடு இருக்கும். அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில்தான் ஊரின் சின்னத் தேவாலயம். அதன் வாசலில் நின்றால் ஆறு ஒரு பெரிய வளைவு முழுதாகத் தெரியும்.

கீழே ஆற்றோரமாக மேற்குப் பக்கம் போனால் லா மாலார்த்ரி என்ற பெரிய மாளிகை இருக்கிறது. பார்த்தால் 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம் போலத் தோன்றும். அந்தப் பாணியில் பிற்காலத்தில் எழுப்பியது. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பாறைக்கு நடுவில் ஏதோ சுவர் தெரிகிறதே, அது என்ன?

குகைக் கோட்டை. பாறை முகத்தின் பாதி உயரத்தில் இயற்கையாகக் குடைந்த ஒரு நீளமான பொந்து. அதன் வாயைக் கல் சுவரால் அடைத்து, உள்ளே ஆட்கள் தங்கிக் காவல் காத்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்பாட்டில் இருந்த இடம். எதிரி வந்தால் ஊர் முழுக்க மேலே ஏறிவிடும், ஏணியை இழுத்துக்கொள்ளும். அங்கே ஏற ஒரு செங்குத்தான படிக்கட்டு இருக்கிறது. பாறை நிலவரத்தைப் பொறுத்துச் சில காலங்களில் மூடிவைப்பார்கள். போகும் வாரத்தில் திறந்திருக்கிறதா என்று பக்கத்து நகரமான சார்லாவின் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாறை விழாதா?

விழுந்திருக்கிறது. 1957 ஜனவரியில் பாறையின் பெரிய துண்டு ஒன்று பெயர்ந்து ஊர் நடுவில் விழுந்தது. வீடுகள் நொறுங்கின, மூன்று பேர் இறந்தார்கள், சாலை அடைபட்டது. 2010இலும் கோட்டைப் பக்கம் ஒரு சரிவு ஏற்பட்டது. சுண்ணாம்புக் கல்லின் விரிசலில் மழைநீர் இறங்கி, உறைந்து, விரிந்து, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளக்கும். அதனால்தான் பாறை முகத்தைத் தொடர்ந்து ஆய்வு செய்கிறார்கள். இரும்புக் கம்பிகளும் வலைகளும் போட்டிருப்பதையும் அங்கங்கே பார்க்கலாம். சாதாரணமாகப் போய்வருகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கயிறு கட்டி அடைத்திருக்கும் இடத்தில் படம் எடுப்பதற்காக உள்ளே போகாதீர்கள்.

தட்டைப் படகில் போவதா, துடுப்புப் படகில் போவதா?

முடிந்தால் இரண்டும். ஒன்றுதான் என்றால், உடன் வருபவர்களைப் பொறுத்தது.

தட்டைப் படகை அங்கே கபார் என்பார்கள். ஊர்ச் சாலையிலேயே படகுத்துறை இருக்கிறது. ஆற்றின் போக்கில் காஸ்தெல்நோ கோட்டைப் பக்கம் போய்த் திரும்பிவர ஒரு மணி நேரம் ஆகும். பெரியவர்கள், கைக்குழந்தைகள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் சிரமமில்லாமல் ஏறி உட்காரலாம். ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து இலையுதிர்காலம் வரை ஓடும்.

இப்போது ஓடுபவை மோட்டார் வைத்த சுற்றுலாப் படகுகள். ஆனால் வடிவம் பழையது, அதன் பின்னால் ஒரு பெரிய வாழ்க்கை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வரும் வரை இந்தப் பள்ளத்தாக்கின் சரக்கெல்லாம் இந்த ஆற்றில்தான் போயிற்று. மேலே அர்ஜாந்தா பக்கத்துக் காடுகளிலிருந்து ஓக் பலகைகளையும் திராட்சைக் கொடிக்கு ஊன்றும் குச்சிகளையும் ஏற்றிக்கொண்டு, தண்ணீர் போதுமான அளவு ஏறும் நாளுக்காகக் காத்திருந்து, பெர்ஜெராக், லிபூர்ன் வரை இறங்குவார்கள். அந்தப் பலகைகள்தான் போர்தோ ஒயின் பீப்பாய்கள் ஆயின. மேல் ஆற்றிலிருந்து வந்த பல படகுகள் திரும்பிப் போகவே இல்லை. எதிர்நீரில் இழுத்துச் செல்லக் கட்டுப்படியாகாது என்பதால் கடைசித் துறையில் படகையே உடைத்து மரமாக விற்றுவிட்டு, படகோட்டிகள் நடந்தே மலை ஏறி வீடு திரும்பினார்கள். லா ரோக் கஜாக் அந்தக் காலத்தில் சுறுசுறுப்பான துறைமுக ஊர். இன்று தேநீர்க் கடைகள் இருக்கும் கரையில் அன்று மூட்டைகள் இறங்கின.

கனூ, கயாக் என்றால் நீங்களே துடுப்புப் போட வேண்டும். என் மனசு இந்தப் பக்கம்தான். கபாரில் விளக்கம் கேட்டுக்கொண்டு போகலாம். கனூவில் துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா மிதக்கலாம். பாறை, கோட்டை, மரம் எல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்து போகும். கரையோர மரத்திலிருந்து மீன்கொத்தி ஒன்று நீலக் கோடு இழுத்த மாதிரி தண்ணீருக்கு மேல் பறக்கும். மணல்திட்டில் சாம்பல் நாரை அசையாமல் நிற்கும்.

கனூவில் எங்கிருந்து எங்கே போவது நல்லது?

ஆற்றின் போக்கிலேயே எப்போதும் இறங்கவேண்டும். அதிகம் பேர் போவது வித்ராக்கில் ஏறி, செனாக், லா ரோக் கஜாக், காஸ்தெல்நோ வழியாக பெய்னாக்கில் இறங்கும் பாதை. ஏறத்தாழ 16 கிலோமீட்டர். நிதானமாகப் போனால், நடுவில் கூழாங்கல் திட்டில் நிறுத்திச் சாப்பிட்டு, காலை நனைத்து, நாலைந்து மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் செனாக்கில் ஏறுங்கள், தூரம் நன்றாகக் குறையும். நேரமும் தெம்பும் இருந்தால் கார்சாக்கிலேயே தொடங்கலாம். மோன்ஃபோர் பக்கம் ஆறு கிட்டத்தட்ட ஒரு முழு வட்டம் அடித்துத் திரும்பும் இடம் அந்தப் பாதையில் வரும், மேலே பாறை நுனியில் மோன்ஃபோர் கோட்டை நிற்கும்.

படகு வாடகைக்குத் தருபவர்களே சிறு பேருந்தில் உங்களைப் புறப்படும் இடத்துக்கோ, முடிந்த இடத்திலிருந்து கார் இருக்கும் இடத்துக்கோ கொண்டு விடுவார்கள். லைஃப் ஜாக்கெட்டும், போன், பர்ஸ் போட்டு மூட ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் வாடகையிலேயே சேர்த்தி. கார் சாவியை அந்த டிரம்மில் போடுங்கள், சட்டைப்பையில் வேண்டாம்.

நீச்சல் தெரியாதவர்கள் கனூவில் போகலாமா?

கூடாது. குறைந்தது 25 மீட்டர் நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அங்குள்ள விதி. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்று யாரும் சமாதானம் சொல்லாதீர்கள். இந்தப் பகுதியில் ஆறு அமைதியானது, பாய்ச்சல் அருவி எதுவும் கிடையாது. ஆனாலும் பாலத் தூண்களுக்குப் பக்கத்திலும், கரையோரமாகச் சாய்ந்து கிடக்கும் மரங்களுக்கு அடியிலும் இழுப்பு இருக்கும். பாலம் வரும்போது முன்கூட்டியே நடு வளைவைக் குறிவைத்துப் படகை நேராக்குங்கள். தண்ணீர் ஏறிய நாட்களில் வாடகைக்குத் தர மறுப்பார்கள், அப்போது கெஞ்ச வேண்டாம். நீச்சல் தெரியாதவர்களுக்குக் கபார் இருக்கவே இருக்கிறது.

இன்னொன்று, செருப்பு. ஆற்றுப் படுகை முழுக்க உருண்டைக் கற்கள். பின்பக்கம் வார் வைத்த செருப்போ பழைய ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்பு முதல் திட்டிலேயே மிதந்து போய்விடும்.

ஆற்றில் குளிக்கலாமா?

வித்ராக், செனாக் பக்கம் கூழாங்கல் கரைகளில் கோடையில் ஊர்க்காரர்களே குடும்பத்தோடு இறங்குகிறார்கள். எந்த இடத்தில் அனுமதி என்று பலகை வைத்திருப்பார்கள். மேலே மலைப்பகுதியில் போர் லெசோர்க் முதல் அர்ஜாந்தா வரை வரிசையாக நீர்மின் அணைகள் இருப்பதால் நீர்மட்டம் மழை இல்லாமலேயே மாறலாம். முழங்கால் அளவு என்று நினைத்த இடம் இரண்டடி தள்ளிப் பள்ளமாக இருக்கும். பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லா ரோக் கஜாக் படகுத்துறையில் மட்டும் இறங்கவே வேண்டாம், படகுகள் வந்துபோகும் இடம்.

எதிரெதிரே இரண்டு கோட்டைகள் தெரிகின்றன. ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால்?

பிள்ளைகள் இருந்தால் காஸ்தெல்நோ, பெரியவர்கள் மட்டும் என்றால் பெய்னாக்.

நூறாண்டுப் போரில் (1337 முதல் 1453 வரை) ஆற்றின் இந்தக் கரையில் பெய்னாக் பிரெஞ்சு மன்னன் பக்கம், அந்தக் கரையில் காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒருவர் கோட்டைச் சுவரில் காயும் துணி மற்றவருக்குத் தெரியும் தூரம்தான். கனூவில் வரும்போது இரண்டுக்கும் நடுவே மிதப்பீர்கள். அப்போது தெரியும் அந்தப் பகையின் நெருக்கம்.

காஸ்தெல்நோவில் இடைக்காலப் போர்க்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது, 1985இலிருந்து. வாள், கவசம் எல்லாம் உண்டு என்றாலும் ஆளை அசத்துவது கோட்டை மேடையில் முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கும் கல்லெறி பொறிகள். ஒரு பக்கம் பெரிய எடைப்பெட்டி, மறுபக்கம் நீளமான மரக்கை, அதன் நுனியில் கயிற்றுக் கவண். எடை விழுந்தால் கை எழும், கவண் சுழன்று கல்லை விடும். விடுமுறைக் காலத்தில் இயக்கியும் காட்டுகிறார்கள்.

பெய்னாக் 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கோட்டை. ஆற்றிலிருந்து ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில் பாறை நுனியில் நிற்கிறது. இங்கிலாந்து மன்னன் சிங்க இதயன் ரிச்சர்ட் அதைக் கொஞ்ச காலம் தன் கையில் வைத்திருந்தான். உள்ளே அலங்காரம் அதிகமில்லை, வெறும் கல் தளம், புகை படிந்த சமையற்கூடம், குளிர்ந்த மண்டபங்கள். அந்த வெறுமைதான் எனக்குப் பிடித்தது. கீழிருந்து கிராமத்துச் சந்து வழியே ஏறினால் மூச்சு வாங்கும். முடியாதவர்கள் காரில் பின்பக்கமாகச் சுற்றி மேலேயே போய் நிறுத்தலாம்.

ஜோசஃபின் பேக்கர் வாழ்ந்த வீடு இங்கேயா?

ஆமாம், மிலாந்த் மாளிகை. லா ரோக் கஜாக்கிலிருந்து காரில் கால் மணி நேரம். 1489இல் கட்டத் தொடங்கியது. பேக்கர் முதலில் அதை வாடகைக்கு எடுத்து, 1947இல் விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் ஏழ்மையில் பிறந்து, பாரிஸ் மேடைகளில் ஆடிப் பாடிப் பெரும்புகழ் பெற்று, இரண்டாம் உலகப் போரின்போது பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்காக உளவு வேலை செய்தவர். பல நாடுகளிலிருந்து 12 பிள்ளைகளைத் தத்தெடுத்து, இனமும் மதமும் வேறுவேறான பிள்ளைகள் ஒரே வீட்டில் உடன்பிறப்புகளாக வளர முடியும் என்று காட்ட இந்த வீட்டில்தான் முயன்றார். கடன் முற்றி, 1960களின் கடைசியில் வீட்டை இழந்தார். 2021 நவம்பரில் பாரிஸின் பாந்தியோனில், நாடு தன் பெரியோர்களை வைத்துப் போற்றும் இடத்தில், அவருக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

மேடை உடைகள், புகைப்படங்கள், அவருடைய குளியலறை வரைக்கும் பார்க்கலாம். தோட்டத்தில் கழுகு, பருந்து, ஆந்தைகளைப் பறக்கவிட்டுக் காட்டும் நிகழ்ச்சியும் உண்டு. நம் ஆட்கள் பலர் இந்த இடத்தைத் திட்டத்தில் சேர்ப்பதே இல்லை. சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்கேசாக் தோட்டத்துக்கு டிக்கெட் வாங்கிப் போவது தகுமா?

தகும். 22 ஹெக்டேரில், கையால் கத்தரித்து வளர்க்கும் 1,50,000 பாக்ஸ் என்ற பசுமை மாறாப் புதர்ச் செடிகள். பெரும்பாலும் 1860களில் நட்டவை. உருண்டை உருண்டையாக, அலை அலையாக வெட்டியிருப்பார்கள். ஆனால் என் கணக்கில் அந்த டிக்கெட்டுக்கான மதிப்பு தோட்டத்தின் மறுகோடியில் இருக்கிறது. நிழல் பாதையில் நடந்து போனால் ஆற்றிலிருந்து 130 மீட்டர் உயரத்தில் ஒரு காட்சி மாடம். அங்கிருந்து லா ரோக் கஜாக் முழுக்க, பாறையும் வீடும் ஆறுமாக, ஒரே பார்வையில் விழும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வியாழக்கிழமை இரவுகளில் பாதை நெடுக மெழுகுவத்தி ஏற்றுவார்கள்.

டோம் ஊர் மேலே இருக்கிறதாமே, ஏற வேண்டுமா?

காரிலேயே போகலாம். 1281இல் பிரெஞ்சு மன்னன் மூன்றாம் பிலிப் திட்டம் போட்டு நிறுவிய கோட்டை ஊர். நேர்த் தெருக்கள், சுற்றி மதில். லா பார் என்ற மேடையில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். சந்தைக் கூடத்துக்கு அடியிலேயே ஒரு சுண்ணாம்புக் குகை இருக்கிறது, சுற்றிவிட்டு லிஃப்டில் வெளியே வரலாம், வெளியே வரும் இடம் பாறை முகம். மதில் வாசல் கோபுரங்களில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டெம்ப்ளர் என்ற கிறித்தவத் துறவற அமைப்பின் வீரர்களைச் சிறை வைத்திருந்தார்கள். அவர்கள் கீறியவை என்று சொல்லும் சிலுவைகளும் உருவங்களும் உள்சுவரில் இருக்கின்றன. வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள்.

நடைப்பயணம், சைக்கிள் எல்லாம் எப்படி?

ஊருக்குப் பின்னாலிருந்து பாதை ஏறி, பாறைக்கு மேலே ஓக் காட்டுக்குள் போகிறது. மரத்திலும் கல்லிலும் பூசியிருக்கும் கோடுகளைப் பாருங்கள். வெள்ளையும் சிவப்பும் சேர்ந்தால் நெடுந்தூரப் பாதை, மஞ்சள் என்றால் உள்ளூர்ச் சுற்றுப் பாதை, பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வழி இல்லை. ஏற்றம் ஆரம்பத்தில்தான், அப்புறம் சமதளம். செப்டம்பரிலிருந்து குளிர்காலம் முழுக்க வேட்டைக் காலம், அப்போது பளிச்சென்ற நிறத்தில் சட்டை போடுங்கள். புல்லுக்குள் நடந்துவிட்டு வந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணமாக விடக்கூடிய விஷயமில்லை, நோய் பரப்பும்.

சைக்கிளுக்கு ஆற்றோரப் பெரிய சாலை வேண்டவே வேண்டாம். குறுகல், கார் அதிகம். அதற்குப் பதில் சார்லாவிலிருந்து கார்சாக், க்ரோலெஜாக் வழியாகப் போகும் பழைய ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். தார் போட்டது, வாகனமில்லை, பழைய ரயில்பாலத்தில் ஆற்றைக் கடக்கும். பிள்ளைகளும் ஓட்டலாம்.

வெப்பக் காற்று பலூன்?

இந்தப் பள்ளத்தாக்கு அதற்குப் பேர்போனது. விடியலிலும் மாலையிலும்தான் பறக்கும். செலவு அதிகம், காற்று சரியில்லை என்றால் ரத்து. அதனால் பயணத்தின் முதல் நாளுக்கே பதிவு செய்யுங்கள், தள்ளிப்போனாலும் மீதி நாட்கள் கையில் இருக்கும்.

மழை வந்தால் என்ன செய்வது?

குகைக்குப் போங்கள். மழை இல்லாவிட்டாலும் போக வேண்டியதுதான். பக்கத்துப் பள்ளத்தாக்கு வெஸேர் ஆற்றினுடையது. அங்குள்ள ஆதிமனிதர் இடங்களும் ஓவியக் குகைகளும் 1979இலேயே உலக மரபுச் சின்னமாயின.

மோன்தின்யாக் ஊரில் லாஸ்கோ ஓவியக் குகை. 1940 செப்டம்பரில் பதின்வயதுப் பையன்கள் கண்டுபிடித்தது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றிலும் வெளிச்சத்திலும் சுவரில் பாசி பிடிக்க ஆரம்பித்ததால் 1963இல் மூடிவிட்டார்கள். இன்று நீங்கள் பார்ப்பது 2016 டிசம்பரில் திறந்த முழு அளவு நகல். நகல்தானே என்று ஒதுக்காதீர்கள், காளைகளும் குதிரைகளும் பாறையின் மேடு பள்ளத்தோடு சேர்ந்து அப்படியே செய்யப்பட்டிருக்கின்றன.

அசலையே பார்க்க வேண்டும் என்றால் லேஸேஸி ஊரில் ஃபோன் தெ கோம் குகை. வண்ணக் காட்டெருமைகள், உண்மையான சுவர், சிறு குழுவாக மட்டும் அனுமதி. ஒரு கலைமான் தலை குனிந்து இன்னொன்றின் நெற்றியை நக்கும் உருவம் அங்கே இருக்கிறது. வழிகாட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் கோட்டைத் தொடர்ந்து காட்டும்போது, ஒன்றுமே இல்லாத சுவரிலிருந்து அந்த நாக்கும் கொம்பும் மெல்ல வெளியே வரும். டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். விமான டிக்கெட் எடுத்தவுடன் அடுத்த வேலையாக இதைப் பதிவு செய்யுங்கள்.

சார்லாவுக்கு எந்த நாள் போகலாம்?

சந்தை நாளில் போங்கள், புதன் அல்லது சனி, காலையிலேயே. வால்நட், ஆட்டுப்பால் சீஸ், ஸ்ட்ராபெரி, பருவத்தில் காளான். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மண்ணுக்கடியில் விளையும் காளான் வகையான கறுப்பு ட்ரஃபிள். ஊரின் இடைக்காலத் தெருக்கள் இவ்வளவு முழுதாக நிற்பதற்கு 1962இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டம் பெரிய காரணம். அந்தச் சட்டத்தின் கீழ் முதலில் புதுப்பிக்கப்பட்ட ஊர்களில் சார்லாவும் ஒன்று.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

இது வாத்து ஊர். கறியில்லாத தட்டு மாதிரி தெரிவதிலும் வாத்து இருக்கும். முக்கியமாக, சார்லா உருளைக்கிழங்கு வறுவல் பார்க்க நம் வறுவல் போல இருக்கும், பூண்டு வாசனை தூக்கும், ஆனால் வாத்துக் கொழுப்பில் வறுத்தது. பெரிகோர் சாலட் என்று போட்டிருந்தால் அதில் வாத்து ஈரல், இறைச்சித் துண்டுகள் இருக்கும். சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட், காளான் ஆம்லெட், வால்நட் கேக் ஆகியவை கிடைக்கும். ஆம்லெட்டையும் எந்தக் கொழுப்பில் செய்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரவு ஏழிலிருந்து ஒன்பது. மூன்று மணிக்குப் போய் உட்கார்ந்தால் காபிதான்.

என் யோசனை, சமையலறையோடு வீடு எடுத்துத் தங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் இந்த வீடுகளைப் பெரும்பாலும் சனி முதல் சனி வரை வாரக் கணக்கில்தான் தருவார்கள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் பாரிஸில் நம் கடைகள் இருக்கும் லா ஷப்பல் பகுதியிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். காய்கறியைச் சார்லாவில் வாங்கலாம். ஞாயிறு மதியத்துக்குமேல் கடைகள் மூடிவிடும்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், வாத்துத் தொடையைத் தன் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் வேகவைத்த கோன்ஃபி ஒன்று போதும்.

எந்த மாதம் நல்லது?

மே கடைசி, ஜூன், செப்டம்பர். தண்ணீரும் இருக்கும், வெயிலும் இருக்கும், கூட்டம் தாங்கக்கூடியதாக இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் பகல் பத்து மணிக்குமேல் ஊரில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், பாறை வேறு வெயிலைத் திருப்பி அடிக்கும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை படகுகளும் பல உணவகங்களும் மூடியிருக்கும். அந்தக் காலத்தில் வெள்ளமும் வரும், ஆற்றோரச் சாலையைத் தண்ணீர் மூடிவிடுவதுண்டு.

எப்படிப் போய்ச் சேருவது? கார் இல்லாமல் முடியுமா?

பாரிஸிலிருந்து காரில் 530 கிலோமீட்டர் அளவு, சாப்பாட்டு நிறுத்தத்தோடு ஆறேழு மணி நேரம். வியர்சோனுக்குத் தெற்கே பிரீவ் வரை ஏ20 நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது. சூயாக்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக்கொள்ளலாம். ரயில் என்றால் பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸிலிருந்து சூயாக், அல்லது பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து போர்தோ வரை அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுமேல், அங்கிருந்து சார்லாவுக்கு உள்ளூர் ரயில்.

சார்லாவிலிருந்து லா ரோக் கஜாக் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான், ஆனால் பேருந்தை நம்பித் திட்டம் போட முடியாது. கார் ஓட்டாதவர்கள் சார்லாவில் தங்கி, டாக்ஸியும் சைக்கிளும் கனூவுமாகச் சமாளிக்கலாம், இடங்கள் குறையும். கார் வாடகைக்கு எடுக்கும் இந்திய, இலங்கை உரிமக்காரர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். குறியிடாத சந்திப்புகளில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. கிராமத்துச் சாலைகளில் இது அடிக்கடி வரும்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகலாமா? அவர்களால் படி ஏற முடியாது.

தாராளமாக. ஆற்றோர நடைபாதை சமதளம், உட்காரப் பெஞ்சுகள் உண்டு. கபார், டோம் மேடை, சார்லா சந்தை, லாஸ்கோ நகல் எல்லாம் அவர்களால் முடியும். மேல் சந்துகளையும் குகைக் கோட்டையையும் காஸ்தெல்நோவின் மாடிப் படிகளையும் விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் மதியம் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அவர்களை வீட்டில் ஓய்வெடுக்க விட்டு, மாலையில் கரைக்கு அழைத்து வாருங்கள். அவசரம் என்றால் எந்தப் போனிலிருந்தும் 112, கட்டணமில்லை.